மிசிசிப்பியில் தனி ஆளாகப் படகில் செயின்ட் பால் முதல் நியூ ஆர்லியன்ஸ் வரை: எங்கே இடறும்?

வடகரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மினசோட்டாவில், செயின்ட் பால் நகருக்கு அருகே வசிக்கிறேன். கோடைக்காலங்களில் மிசிசிப்பியின் இந்தப் பகுதியில் தொடர்ந்து படகோட்டி வருகிறேன். வரும் செப்டம்பர் தொடக்கத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, இங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை என் சொந்தப் படகில் தனியாகச் செல்ல வேண்டும் என்பது என் எண்ணம். ராணுவப் பொறியாளர் படையின் வரைபடங்களில் உள்ள மைல் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 1,700 மைல் வருகிறது.

படகு 24 அடி நீளம் கொண்டது. படுத்துறங்கச் சிறிய அறை இருக்கிறது. பின்புறம் 150 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் இயந்திரம் ஒன்று மட்டுமே உண்டு. தொட்டி 90 கேலன் கொள்ளும். நீரோட்டம் இல்லாத இடத்தில் அளந்து பார்த்ததில், மணிக்கு 7 மைல் வேகத்தில் கேலனுக்கு 3 மைலும், மணிக்கு 22 மைல் வேகத்தில் கேலனுக்கு 1.8 மைலும் கிடைக்கின்றன.

‘பெரிய ஆற்றில் தனியாகப் போகாதே’ என்ற பொது அறிவுரை எனக்கு ஏற்கெனவே போதிய அளவு கிடைத்துவிட்டது. நான் அறிய விரும்புவது வேறு. இரண்டு பேர் இருந்தால் எளிதாக முடியும் எந்தெந்த வேலைகள் தனி ஆளுக்குக் கடினமாகின்றன, அவை ஆற்றின் எந்தப் பகுதியில் வருகின்றன, அவற்றுக்கு என்ன ஏற்பாடு செய்துகொள்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். குறிப்பாக லாக்குகளை (அணையோரம் படகை உள்ளே நிறுத்தி, நீரை ஏற்றி இறக்கி அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அறைகளை) தனியாகக் கடப்பது பற்றியும், செயின்ட் லூயிஸுக்குத் தெற்கே எரிபொருள் கிடைப்பது பற்றியும் அறிய விரும்புகிறேன்.

நதிவழி எழுதியது:

வணக்கம் தம்பி. நான் அயோவாவில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறேன். மேல் மிசிசிப்பியில் தனியாகப் படகோட்டும் பழக்கம் உண்டு என்பதால் அந்தப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தெற்குப் பகுதியை அறிந்தவர்கள் அதைச் சொல்லட்டும்.

செயின்ட் பாலிலிருந்து புறப்பட்டால் ஹேஸ்டிங்ஸில் உள்ள 2ஆம் எண் லாக் தொடங்கி, செயின்ட் லூயிஸுக்குச் சற்று வடக்கே உள்ள 27ஆம் எண் லாக் வரை மொத்தம் 26 லாக்குகளைக் கடக்க வேண்டும். எண்களை மட்டும் பார்த்துக் கணக்கிட்டால் குழப்பம் வரும். 5க்குப் பிறகு 5ஏ என்று ஒன்று இருக்கிறது, 23 என்று ஒன்று கட்டப்படவே இல்லை, 26க்குப் பதிலாக ஆல்டனில் மெல் பிரைஸ் லாக் இருக்கிறது. உல்லாசப் படகுகளுக்குக் கட்டணம் இல்லை. விஎச்எஃப் வானொலியில் 14ஆம் அலைவரிசையில் அழைத்து, ‘கீழ்நோக்கிச் செல்லும் உல்லாசப் படகு, தனி ஆள்’ என்று சொல்லுங்கள். தனி ஆள் என்பதைச் சொல்லத் தயங்க வேண்டாம். அதைக் கேட்ட பணியாளர்கள் சுவரின் மேல் கயிற்றோடு வந்து நிற்பதையும், மதகைச் சற்று மெதுவாகத் திறப்பதையும் பார்த்திருக்கிறேன்.

லாக்கில் நீர் இறங்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் பெரும்பாலானவற்றில் இறக்கம் 5 அடியிலிருந்து 11 அடிக்குள் அடங்கிவிடும். நீர் அமைதியாகவே இறங்கும். கியோகக்கில் உள்ள 19ஆம் எண் லாக் மட்டும் ஏறக்குறைய 38 அடி இறக்கும். தனி ஆளுக்கு உண்மையான தொல்லை காற்றுதான். படகு சுவரை அடைவதற்கு முன்பே காற்று அதன் முன்பகுதியைத் திருப்பிவிடும். திசைச் சக்கரத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடினால் பின்பகுதி விலகும், பின்னால் ஓடினால் முன்பகுதி விலகும். ஆகவே இரண்டு முனைகளிலும் கட்ட முயலாமல், படகின் நடுப்பகுதியில் ஒரே ஒரு கயிற்றை மாட்டி, அதன் மறுமுனை திசைச் சக்கரத்துக்கு அருகே கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஃபெண்டர்களை (மோதலைத் தாங்கும் மெத்தைகளை) முன்கூட்டியே தொங்கவிட்டுவிடுங்கள், ஏனென்றால் எந்தச் சுவரில் நிற்கச் சொல்வார்கள் என்பது உள்ளே நுழையும்போதுதான் தெரியும். நடுக்கயிற்றைச் சுவரில் உள்ள பிடிப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். நீர் இறங்கும்போது முடிச்சு இறுகினால் படகு சுவரில் தொங்கத் தொடங்கும். அந்த நொடியில் கயிற்றை வெட்ட ஒரு கத்தி இடுப்பில் இருக்க வேண்டும். படகின் அறைக்குள் எங்கோ இருக்கும் கத்தி அப்போது பயன்படாது.

இன்னொன்று, காத்திருத்தல். சரக்குப் படகுகளுக்குப் பிறகுதான் நமக்கு முறை. மேல் ஆற்றில் ஒரு தள்ளு படகு பொதுவாக 15 பார்ஜ்களை, அதாவது இயந்திரம் இல்லாத தட்டையான சரக்குக் கலங்களை, சேர்த்துத் தள்ளி வரும். பெரும்பாலான லாக் அறைகள் 600 அடி நீளமே உள்ளவை என்பதால் அந்தத் தொடரை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை இறக்குவார்கள். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். அவ்வளவு நேரமும் தனி ஆள் நீரோட்டத்தில் படகை நிலையாக நிறுத்திக்கொண்டிருப்பது களைப்பைத் தரும். சற்று மேலே, வழியை விட்டு ஒதுங்கி, நங்கூரம் போட்டுக் காத்திருங்கள். ஒரு நாளைக்கு மூன்று லாக்குகளுக்கு மேல் திட்டமிடாதீர்கள் என்பது என் கருத்து.

லாக்குகளை விட்டால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது பெப்பின் ஏரி. ரெட் விங்கைத் தாண்டியதும் ஆறு 22 மைல் நீளத்துக்கு, இரண்டு மைல் வரை அகலமான ஏரியாக விரிகிறது. வடமேற்குக் காற்று அதன் நீளவாட்டில் வீசினால் குறுகிய, செங்குத்தான அலைகள் எழும். காலையில் காற்று எழுவதற்கு முன் கடந்துவிடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு அணைக்கும் மேலே விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. பார்வைக்கு எங்கு வேண்டுமானாலும் போகலாம் போலத் தோன்றும். 1930களில் அணைகள் கட்டியபோது வெட்டப்பட்ட காடுகளின் அடிக்கட்டைகள் அந்த நீருக்குக் கீழே இன்றும் நிற்கின்றன. 9 அடி ஆழம் பராமரிக்கப்படும் கப்பல் வழியை மிதவைகள் காட்டும். கீழ்நோக்கிப் போகும்போது சிவப்பு உங்கள் இடப்புறத்திலும் பச்சை வலப்புறத்திலும் இருக்க வேண்டும். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் பழைய கல் அணைகள் பல இடங்களில் நீர்மட்டத்துக்குச் சில அடி கீழேயே இருக்கின்றன என்பதால், மிதவை வரிசைக்கு வெளியே குறுக்கு வழி தேடுவது இயந்திரத்தின் சுழல்விசிறியைப் பலி கொடுப்பதாகவே முடியும்.

இவ்வளவும் எச்சரிக்கையாகவே எழுதிவிட்டேன், ஆனால் வபாஷாவிலிருந்து ராக் ஐலண்ட் வரை ஏறக்குறைய 261 மைல் நீளத்துக்கு 1924ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டு வரும் வனவிலங்குப் புகலிடத்தின் வழியாக நீங்கள் போகப் போகிறீர்கள். மணல் தீவுகளின் ஓரத்தில் படகை நிறுத்தி, வேறு மனிதர் யாரும் இல்லாமல் கழுகுகளையும் பெலிக்கன்களையும் பார்த்துக்கொண்டு ஒரு மாலையைக் கழிக்க முடியும். தனியாகப் போவதன் முழுப் பயனும் அந்தப் பகுதியில்தான் கிடைக்கும். அங்கே அவசரப்பட்டு நாள்களை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நீரோடி எழுதியது:

நதிவழி அவர்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீங்கள் கேட்ட எரிபொருள் கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் பயணம் முடியுமா முடியாதா என்பதை அதுவே தீர்மானிக்கும்.

மேல் ஆற்றில் படகுத்துறைகள் அடிக்கடி வரும். கடைசி முழு வசதியுள்ள படகுத்துறை ஆல்டனில், மைல் 203க்கு அருகில் இருக்கிறது (மேல் ஆற்றின் மைல்கள் ஓஹையோ ஆறு சேரும் கேரோவிலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுபவை). அங்கே தொட்டியை நிரப்பாமல் யாரும் கிளம்பக் கூடாது. செயின்ட் லூயிஸ் எவ்வளவு பெரிய நகரமாக இருந்தாலும் ஆற்றோரத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு நின்று பெட்ரோல் போட இடம் கிடையாது. அதற்குத் தெற்கே கிம்ஸ்விக்கில் நெடுங்காலம் இருந்த படகுத்துறையும் இப்போது இல்லை; பழைய வழிகாட்டிகளில் அதன் பெயர் இன்னும் இருக்கும், நம்பிவிடாதீர்கள்.

ஆல்டனைத் தாண்டி, மிசௌரி ஆறு வந்து கலந்ததும், இடப்புறமாகச் செயின் ஆஃப் ராக்ஸ் கால்வாய்க்குள் நுழைய வேண்டும். அறிவிப்புப் பலகையைத் தவறவிட்டு நேராக முதன்மை ஆற்றில் போனால் பாறை அணை ஒன்று ஆற்றின் குறுக்கே கிடக்கிறது. கால்வாயின் முடிவில் 27ஆம் எண் லாக். அதன் பிறகு கடல் வரை முதன்மை ஆற்றில் லாக்கே இல்லை. ஆறு தன் முழு வேகத்தில் ஓடும். நீர்மட்டத்தைப் பொறுத்து மணிக்கு 3 முதல் 5 மைல் வரை நீரோட்டம் இருக்கும்.

இங்கேதான் வேகத்தைக் குறைப்பதன் பயன் தெரியும். நீரோட்டம் 4 மைல் என்று வையுங்கள். நீங்கள் 22 மைல் வேகத்தில் ஓட்டினால் கரையை ஒப்பிட்டு 26 மைல் போவீர்கள். நீரோட்டம் தரும் ஆதாயம் 18 விழுக்காடு மட்டுமே. 7 மைல் வேகத்தில் ஓட்டினால் 11 மைல் போவீர்கள். ஆதாயம் 57 விழுக்காடு. அதாவது உங்கள் 3 மைல், கேலனுக்கு 4.7 மைலாக உயர்கிறது, 1.8 மைலோ 2.1 மைலாகத்தான் உயரும். மெதுவாகப் போகும் பொறுமை உங்களிடம் இருந்தால் உங்கள் 90 கேலன் தொட்டி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

அந்த 4.7ஐ வைத்தே பார்ப்போம். ஆல்டனிலிருந்து மெம்பிஸ் வரை 421 மைல். 27ஆம் எண் லாக் வரை நீரோட்டத்தின் உதவி இல்லை என்று வைத்தால் அதற்கு ஏறக்குறைய 92 கேலன் வேண்டும், ஆகவே நேராகப் போக முடியாது. வழியில் கேரோவில் ஓஹையோ ஆற்றுக்குள் திரும்பி, எதிர்நீரோட்டத்தில் 47 மைல் ஏறிப் பதூகா நகரின் படகுத்துறைக்குப் போனால் எரிபொருள் கிடைக்கும். ஆல்டன் முதல் பதூகா வரை உங்கள் படகுக்கு 67 முதல் 73 கேலன் ஆகும் என்று கணக்கிடுகிறேன். ஓஹையோவில் ஏறும் பகுதி மட்டுமே அதில் 22 கேலனை விழுங்கும். பதூகாவிலிருந்து திரும்பி இறங்கி மெம்பிஸ் வரை ஏறக்குறைய 59 கேலன். மெம்பிஸிலிருந்து கிரீன்வில் 199 மைல், அதற்கு 42 கேலன் போதும். கிரீன்வில்லிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை 444 மைல் வருகிறது, 94 கேலன் வேண்டும். இடையில் விக்ஸ்பர்க்கிலோ நாச்செஸிலோ படகைக் கட்டிவிட்டு, ஊருக்குள் இருக்கும் பெட்ரோல் நிலையத்திலிருந்து குறைந்தது 30 கேலனைக் கேன்களில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் படகில் இருக்க மற்றவர் போய் வருவார். தனி ஆள் படகை விட்டுவிட்டுப் பலமுறை நடக்க வேண்டும். பெரிய சரக்குப் படகு ஒன்று கடந்து சென்றால் அதன் அலை கரையில் கட்டிய சிறு படகைக் கல்லில் அடிக்கும். இதற்கு முன்கூட்டியே ஒரு வாடகை வண்டிக்காரரிடம் பேசி நேரம் குறித்து வைப்பது நல்லது.

நான் மூன்றில் ஒரு பங்கு எரிபொருளைக் கைவைக்காமல் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பதூகா வரையிலான ஓட்டத்துக்கே நீங்கள் கூடுதலாகச் சில கேன்கள் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

பழைய மாலுமி எழுதியது:

வடகரைவாசித் தம்பிக்கு வணக்கம். சரக்குக் கப்பல்களில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது மகள் குடும்பத்தோடு லூசியானாவில் வசிக்கிறேன். பணியில் இருந்த காலத்தில் தானியம் ஏற்றுவதற்காக இந்த ஆற்றுக்குள் பலமுறை வந்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்களின் சிறு படகு எங்கள் கப்பலுக்கு எப்படித் தெரியும் என்பதை நான் சொன்னால் பயன்படும்.

சுருக்கமாகச் சொன்னால், தெரியாது. கப்பலின் முன்னே நெடுந்தொலைவு கப்பலின் உடலே மறைத்துவிடும். 30, 40 பார்ஜ்களைத் தள்ளி வரும் படகின் மாலுமிக்கும் அதே நிலைதான். கீழ் ஆற்றில் லாக்குகள் இல்லாததால் அவ்வளவு பெரிய தொடர்களைக் கட்டுகிறார்கள். நீரோட்டத்தோடு இறங்கும் தொடரை நிறுத்த ஒரு மைல்கூடத் தேவைப்படலாம். ஆகவே அவர்கள் உங்களைத் தவிர்ப்பார்கள் என்று எதிர்பார்க்காமல், நீங்கள் வானொலியில் 13ஆம் அலைவரிசையில் அழைத்து, எந்தப் பக்கமாகக் கடக்கட்டும் என்று கேளுங்கள். ‘ஒரு விசில்’ என்று பதில் வந்தால் எதிரே வரும் படகை இடப்புறத்துக்கு இடப்புறமாகக் கடக்க வேண்டும். ‘இரண்டு விசில்’ என்றால் வலப்புறத்துக்கு வலப்புறம். பேட்டன் ரூஜுக்குக் கீழே 67ஆம் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தை வானொலி வழியே காட்டும் ஏஐஎஸ் கருவி ஒன்று வைத்திருந்தால் வளைவுக்கு அப்பால் வருவது என்ன என்பது முன்பே தெரியும். தனியாகப் போகிறவருக்கு அதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலைவிட எனக்கு அதிக அச்சம் தருவது கரையோரம் கட்டி நிற்கும் வெற்றுப் பார்ஜ்கள்தான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பார்ஜ்களின் முன்முகம் நீருக்குள் சரிவாக இறங்கும்படி கட்டப்பட்டிருக்கும். பத்து, இருபது என்று வரிசையாகக் கரையில் கட்டி நிறுத்தியிருப்பார்கள். ஆற்றின் முழு நீரோட்டமும் அந்தச் சரிவுக்குக் கீழே புகுந்து ஓடும். நீரோட்டத்தில் அவற்றுக்கு மேற்பக்கம் எங்கேனும் உங்கள் ஒற்றை இயந்திரம் நின்றுவிட்டது என்று வையுங்கள். மணிக்கு 4 மைல் நீரோட்டம் என்றால் ஒரு நிமிடத்தில் 350 அடி அடித்துச் செல்லப்படுவீர்கள். படகு பார்ஜின் முகத்தில் குறுக்காக மோதினால் நீர் அதைச் சாய்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதிலிருந்து நீந்தித் தப்புவது அரிது. எனவே இயந்திரம் நின்ற உடனே அதைப் பழுதுபார்க்கக் குனியாதீர்கள். முதல் வேலை நங்கூரம் போடுவது. தனி ஆள் முன்பகுதிக்கு ஓடி, பெட்டியைத் திறந்து, சங்கிலியைச் சரிசெய்யும் நேரம் உங்களிடம் இருக்காது. திசைச் சக்கரத்தின் அருகிலிருந்தே விழச் செய்யும் ஏற்பாடோ, பின்பகுதியில் தயாராக வைத்த இரண்டாவது நங்கூரமோ கட்டாயம் வேண்டும். செயின்ட் லூயிஸ் துறைமுகத்திலும், மெம்பிஸிலும், பேட்டன் ரூஜுக்குக் கீழே ஏறத்தாழ எல்லா இடத்திலும் இத்தகைய பார்ஜ் வரிசைகள் உண்டு. அவற்றுக்கு நேர் மேற்பக்க நீரில் போகாமல், அவற்றிலிருந்து விலகிய பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

மைல் 315 அருகே (கேரோவுக்குக் கீழே மைல்களை ஆற்றின் கடல் முகப்பிலிருந்து எண்ணுவார்கள்), நாச்செஸுக்கும் பேட்டன் ரூஜுக்கும் இடையில், ஓல்ட் ரிவர் கட்டுப்பாட்டு அமைப்பு வலக்கரையில் இருக்கிறது. மிசிசிப்பி தன் பாதையை அச்சஃபலாயா ஆற்றுக்கு மாற்றிக்கொள்ளாமல் தடுப்பதற்காக 1963இல் இயங்கத் தொடங்கியது அது. மிசிசிப்பியிலும் ரெட் ஆற்றிலும் அங்கே வந்து சேரும் நீரில் 30 விழுக்காடு அச்சஃபலாயா வழியாகப் போகும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்த வாய்க்கால்கள் பக்கவாட்டில் நீரை இழுக்கும். அங்கே இடக்கரையை ஒட்டியே செல்லுங்கள், இயந்திரத்தை அணைத்து மிதக்காதீர்கள்.

பேட்டன் ரூஜிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஏறக்குறைய 135 மைல். கடல் கப்பல்கள் மேலேறும் எல்லை பேட்டன் ரூஜ் என்பதால் இந்த 135 மைலும் ஓடும் கப்பல்கள், நங்கூரமிட்ட கப்பல்கள், பார்ஜ் வரிசைகள், அவற்றிடையே விரையும் சிறு வேலைப்படகுகள் என்று நிறைந்திருக்கும். உல்லாசப் படகுக்கு ஒதுங்க இடம் அரிது. கரை முழுதும் கான்கிரீட் விரிப்பும் கருங்கல்லும். அந்தத் தூரத்தை ஒரே பகலில் முடித்தாக வேண்டும். அக்டோபர் பகலில், உங்கள் 11 மைல் வேகத்தில், அது முடியாது. அங்கே மட்டும் நீங்கள் வேகமாகப் போகவேண்டியிருக்கும், அதற்கான பெட்ரோலை நீரோடி அவர்களின் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். என் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன்: 24 அடிப் படகில், ஒற்றை இயந்திரத்தோடு, தனியாக இந்தப் பகுதிக்கு வராதீர்கள்.

வடகரைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன பார்ஜ் முகப்பின் ஆபத்து நான் அறிந்திராத ஒன்று. நங்கூரத்தைச் சக்கரத்தின் அருகிலிருந்து இறக்கும் ஏற்பாட்டை இந்தக் குளிர்காலத்திலேயே செய்துவிடுகிறேன். நீரோடி அவர்களின் கணக்கை என் வேகங்களோடு மீண்டும் போட்டுப் பார்த்தேன். பேட்டன் ரூஜுக்குக் கீழே 22 மைல் வேகத்தில் ஓட்டினால் அந்த 135 மைலுக்கு மட்டும் 63 கேலன் ஆகிறது. 4.7 கணக்கில் அது 29 கேலன்தான். வேறுபாடு 34 கேலன். ஆகவே விக்ஸ்பர்க் அல்லது நாச்செஸில் 30 கேலன் என்பது போதாது, இரண்டையும் கூட்டி 64 கேலன் சுமக்க வேண்டும்.

அதனால் இரண்டு கேள்விகள். நதிவழி அக்கா, இரவில் எங்கே, எப்படி நங்கூரமிடுவது? விழித்திருந்து காவல் பார்க்க இன்னொருவர் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய தயக்கம். நீரோடி அவர்களே, பதூகா வரை போய்விட்டால் அங்கிருந்து டென்னசி ஆறு வழியாகத் தெற்கே போகலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது உண்மையான மாற்று வழியா?

நதிவழி எழுதியது:

மேல் ஆற்றில் தீவுகளுக்குப் பின்னால் ஓடும் கிளைகளில், வரைபடம் போதிய ஆழம் காட்டும் இடத்தில், நுழைவாயிலிலிருந்து மெதுவாக ஆழம் பார்த்துக்கொண்டே உள்ளே போய் நங்கூரமிடுங்கள். கீழ்முனை வழியாக நுழைவது நல்லது. அப்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போவீர்கள். மணல் தட்டினாலும் ஆறே உங்களைப் பின்னால் தள்ளி விடுவிக்கும். மேல்முனையிலிருந்து நுழைந்து தட்டினால் ஆறு உங்களை மேலும் மணலில் ஏற்றும்.

லாக்குகளுக்குக் கீழே போன பிறகு எனக்குத் தெரிந்த நல்ல இடங்கள் இரண்டு. மைல் 117 அருகே காஸ்காஸ்கியா ஆறு சேரும் இடத்தில் ஒரு லாக் இருக்கிறது; அனுமதி கேட்டு அதன் வெளிச்சுவரில் இரவு கட்டிக்கொள்ளலாம். கேப் ஜிரார்டோவைத் தாண்டி மைல் 49 அருகே ‘லிட்டில் டைவர்ஷன்’ என்ற வாய்க்கால் இருக்கிறது, அதற்குள் புகுந்துவிட்டால் முதன்மை நீரோட்டம் தொடாது. அங்கே மற்றப் படகுகளும் வருவதால் சற்று முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

காவல் பற்றிக் கேட்டீர்கள். ஜிபிஎஸ் நங்கூர எச்சரிக்கை படகு நகர்ந்தால் எழுப்பும், அதை வைத்துக்கொள்ளுங்கள். அது எழுப்பாத ஒன்று உண்டு. இரவோடு இரவாக ஆற்றின் மட்டம் ஓரிரு அடி இறங்கலாம். படகு நகராமலே மணலில் அமர்ந்துவிடும். மாலையில் தேசிய வானிலைச் சேவையின் நீர்மட்ட முன்னறிவிப்பைப் பார்த்து, இறங்கும் அளவைக் கழித்த பிறகும் மிதக்கப் போதிய ஆழமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் கரையில் கிடந்த மரங்களை ஆறு எடுத்துக்கொண்டு வரும். அந்த நாள்களில் திறந்த ஆற்றோரத்தில் நங்கூரமிடவே கூடாது. நங்கூர விளக்கு இரவு முழுதும் எரிய வேண்டும். இருட்டிய பிறகு ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமாக ஓட்டும்போது, மூடிய அறைக்குள்ளிருந்து ஓட்டினாலொழிய, இயந்திரத்தை நிறுத்தும் இணைப்பை ஓட்டுநர் உடலில் மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் சட்டம். நீங்கள் சட்டத்துக்காக என்றில்லாமல், மெதுவாகப் போகும்போதும் மாட்டிக்கொள்ளுங்கள். தவறி விழுந்தால் படகு உங்களை விட்டுப் போய்விடக் கூடாது. உயிர்காப்பு உடையிலேயே ஓர் இடங்காட்டி அவசரக் கருவியும் இருக்கட்டும்.

நீரோடி எழுதியது:

ஆம், உண்மையான மாற்று வழிதான். ஆல்டன் பக்கமிருந்து தெற்கே போகும் உல்லாசப் படகுகளில் பெரும்பாலானவை அவ்வழியே போகின்றன. பதூகாவிலிருந்து டென்னசி ஆற்றில் ஏறி, கென்டகி ஏரியைக் கடந்து, பிக்விக் ஏரி வரை போக வேண்டும். அங்கிருந்து 1984இல் கட்டி முடிக்கப்பட்ட டென்னசி-டாம்பிக்பி நீர்வழி தொடங்குகிறது. 234 மைல், 10 லாக்குகள். முதல் லாக்கே 84 அடி இறக்கும், ஆனால் சுவரில் உள்ள மிதக்கும் பிடிப்பு படகோடு சேர்ந்து இறங்குவதால் நதிவழி அவர்கள் சொன்ன நடுக்கயிறு அங்கே மிகவும் வசதியாக இருக்கும். டெமாபொலிஸைத் தாண்டி மொபைல் வரையுள்ள 200 மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் மட்டும் எரிபொருளைக் கவனிக்க வேண்டும். மற்ற இடங்களில் படகுத்துறைகள் உண்டு.

இழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவ்வழியில் போனால் நீங்கள் மிசிசிப்பியை முழுதாக இறங்கியவராக மாட்டீர்கள். மெம்பிஸுக்கும் விக்ஸ்பர்க்குக்கும் இடையே, நாள் முழுதும் ஒரு வீடுகூடக் கண்ணில் படாமல், கரைக்குக் கரை ஒரு மைல் அகலத்துக்கு ஓடும் அந்த ஆற்றுக்கு ஈடு எதுவும் இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், கிரீன்வில் வரை அல்லது விக்ஸ்பர்க் வரை தனியாக இறங்கி, அங்கே படகைத் தரைமேல் ஏற்றி இழுவண்டியில் கொண்டுபோவதை நான் பரிந்துரைப்பேன். 24 அடிப் படகு இழுவண்டியில் ஏறக்கூடியது என்பது உங்களுக்குள்ள பெரிய வசதி. 40 அடிப் படகு வைத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பேட்டன் ரூஜுக்குக் கீழே போகும் ஆபத்தும் 64 கேலன் சுமக்கும் வேலையும் ஒருசேர நீங்கிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கேரோவுக்கு வரும்போது நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இலையுதிர் காலத்தில் மெம்பிஸின் நீர்மட்ட அளவுகோல் அதுவரை காணாத அளவு இறங்கியது. கப்பல் வழி குறுகி, சரக்குப் படகுகளே வரிசையில் காத்திருந்தன. அத்தகைய ஆண்டாக அமைந்தால் டென்னசி வழியே சரி, அங்கே அணைகள் ஆழத்தைக் காத்து நிற்கும்.

வடகரைவாசி எழுதியது:

தெளிவாகிவிட்டது. விக்ஸ்பர்க் வரை இறங்கி அங்கே படகை ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். இழுவண்டியைக் கொண்டுவர என் மைத்துனர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கேரோவில் மெம்பிஸ் அளவுகோல் மிகவும் கீழே இருந்தால் டென்னசிப் பக்கம் திரும்பிவிடுவேன். ஐயா, விக்ஸ்பர்க்கில் படகை நீரிலிருந்து ஏற்றுவதற்கு முதன்மை ஆற்றிலேயே இறங்குதளம் இருக்கிறதா, வேறு எங்காவது போக வேண்டுமா?

பழைய மாலுமி எழுதியது:

நல்ல முடிவு, தம்பி. விக்ஸ்பர்க் நகரின் கரை முதன்மை ஆற்றில் இல்லை. யாஸூ கால்வாயில் இருக்கிறது. மைல் 437 அருகே இடப்புறம் அதன் வாய் திறக்கும். பாலங்களுக்குச் சற்று மேலேயே அது வந்துவிடும், தவறவிட்டால் வேகமான நீரோட்டத்தில் திரும்பி ஏற வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு மைல் முன்பிருந்தே இடக்கரைப் பக்கமாக ஒதுங்கி, எதிரே தொடர் எதுவும் வரவில்லை என்று 13இல் கேட்டுத் தெரிந்துகொண்டு, கால்வாயின் வாயைச் சற்றுத் தாண்டியதும் படகின் முகத்தை மேல்நோக்கித் திருப்பி உள்ளே நுழையுங்கள். உள்ளே நீரோட்டம் தணிந்துவிடும். நகரக் கரையில் படகு ஏற்றும் சரிவுத்தளம் இருக்கிறது. நீர் மிகவும் தாழ்ந்திருந்தால் சரிவின் அடியில் சேறு படிந்திருக்கும் என்பதால், உங்கள் மைத்துனரை ஒரு நாள் முன்னதாகவே வந்து பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.